நாற்பது குரல்களும் ஒரு திறப்புக்கோர்வையும்

1

சென்ற மே மாதம் எங்கள் கட்டடத்தின் நிர்வாகி எல்லா வீட்டுத் தபால் பெட்டிகளிலும் ஒரு கடதாசி போட்டார். போட்டார் என்றால், அவர் கொண்டுவந்து தந்தார், நான்தான் போட்டேன். தபால் பெட்டிகளில் கடதாசி போடுவது என் வேலை. குடியிருப்பாளர் கூட்டத்துக்கான அழைப்பு அது. பேச வேண்டிய விடயங்கள் நான்கு. ஒன்று, லிஃப்ற்றின் பழுது. இரண்டு, மொட்டைமாடியின் ஒழுக்கு. மூன்று, மூன்றாம் மாடியாரின் நாய். நான்கு, "வாயிலறையிலிருந்து காலையில் வரும் பறவைச் சத்தங்களும், குடியிருப்பாளர்களைப் பற்றி அங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கும் பட்டியலும்."

என் மீதான குற்றப்பத்திரிகையைப் பதினெட்டுப் பெட்டிகளிலும் என் கையாலேயே போட்டு முடித்தேன். ஒரு பெட்டியையும் விடவில்லை. வேலை என்றால் வேலை.

நான் மன்னார்க்காரன். பலெர்மோவுக்கு வந்து இருபத்தாறு வருடம். அதில் இருபத்திரண்டு வருடமாக, போர்கோ வெக்கியோச் சந்தையிலிருந்து நாலு நிமிட நடையில் இருக்கும் இந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் போர்த்தியேரே. ஊரில் இதற்குச் சரியான சொல் கிடையாது. காவலாளி என்று கடிதம் எழுதினால், துவக்கு வைத்திருக்கிறாயா என்று கேட்கிறார்கள். வாசலில் இருப்பது, படி கழுவுவது, தபால் பிரிப்பது, வருகிறவர் யார், எந்த வீட்டுக்கு என்று பார்ப்பது, எல்லாம் சேர்ந்த வேலை. காலை ஆறரைக்கு இரும்புக் கேற்றைத் திறக்க வேண்டும். திறக்கும் முன், கட்டடத்துச் சாவிகள் எல்லாம் கோத்த திறப்புக்கோர்வையால் கேற்றில் மூன்று தடவை தட்டுவேன். உள்ளே படுத்திருக்கும் பூனைகள் விலகவேண்டுமே. வாயிலறைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைதான் எங்கள் வீடு. மனைவி ஜெசிந்தா கால்சாப் பக்கம் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறாள். மகள் தென்னாபிரிக்காவில் இருக்கிறாள். குற்றப்பத்திரிகையில் சொல்லப்பட்ட பறவைகள் அவள் அனுப்பியவை.

2

மகளின் பெயர் றொசாலியா. இந்த நகரத்தைக் காக்கும் புனிதையின் பெயர். மலையேறி நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை என்பதால் வேறு பெயரைப் பற்றிப் பேசவே ஜெசிந்தா விடவில்லை. வீட்டில் றோசா.

இங்கே பிறந்த பிள்ளைக்கும் பதினெட்டு வயதில்தான் குடியுரிமை கேட்கலாம். கேட்கிறதென்றால், பிறந்த நாளிலிருந்து இந்த நாட்டிலேயே இருந்தாள் என்று நிரூபிக்க வேண்டும். தடுப்பூசி அட்டை, பாலர் பள்ளிச் சான்றிதழ், அவளுக்கு ஆறு வயதில் பல் பிடுங்கிய ரசீது எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுக்கொண்டு ஒரு கந்தோரிலிருந்து மற்றக் கந்தோருக்கு ஏழு மாதம் அலைந்தோம். ஒரு கந்தோரில் இருந்த பெண், நாலு வயதில் மூன்று கிழமை பிள்ளை எங்கே இருந்தாள் என்று கேட்டார். சின்னம்மை போட்டு வீட்டில் கிடந்தாள் என்றேன். அதற்குக் கடதாசி எங்கே என்று கேட்டார். அதையும் எடுத்துக் கொடுத்தேன். நான் கடதாசி எறியாத மனிதன்.

அப்படி, இந்த நாட்டை விட்டு ஒரு நாளும் போகவில்லை என்று நிரூபித்து வாங்கிய பாஸ்போர்ட்டில் அவள் செய்த முதல் பெரிய காரியம், இந்த நாட்டை விட்டுப் போனதுதான். பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துவிட்டு, தென்னாபிரிக்காவின் வடகிழக்கு மூலையில் ஒரு காட்டுச் சரணாலயத்தில் மூன்று மாதம் தொண்டு வேலை என்று போனாள். மூன்று மாதம் இரண்டு வருடமாகியது. வருகிறவர்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிக்கொண்டு போய் விளக்கம் சொல்லும் வழிகாட்டி வேலைக்குப் பயில்கிறாளாம். நான் யுத்தத்துக்குள் காட்டுப் பாதையால் ஓடி வந்தவன். என் மகள் காட்டுக்குள் போவதற்குப் பரீட்சை எழுதுகிறாள்.

போன பிறகு தொலைபேசிக் கதை மெலிந்து போயிற்று. "ஓம் அப்பா. சாப்பிட்டன் அப்பா. துத்தோ பெனே. சரி, சாவ்." எல்லாம் நல்லம், போயிட்டு வாறன் என்று இத்தாலியனில் முடித்துவிடுவாள். அவ்வளவுதான். எனக்கும் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. யானை கண்டாயா என்பேன். ஓம் என்பாள். யானையை வைத்து எவ்வளவு நேரம் கதைக்க முடியும்.

போன தை மாதம் அவள் பரீட்சையில் ஒரு பகுதி பெயிலானாள். படம் பார்த்துப் பறவையைச் சொல்வதில் பாஸ். நடந்து போகும்போது கண்ணால் கண்டு சொல்வதிலும் பாஸ். குரல் கேட்டுச் சொல்லும் பகுதியில்தான் விழுந்தாள். நாற்பது குரல் போடுவார்கள். முப்பத்திரண்டு சரியாக எழுதவேண்டும். அவள் எழுதியது இருபத்திரண்டு. காட்டில் பறவையைக் காண்பதைவிடக் கேட்பதுதான் அதிகமாம். கேட்டுச் சொல்லத் தெரியாதவளை நம்பி ஆட்களை அனுப்ப முடியாதாம். ஆனி மாதம் இன்னொரு தடவை தருவார்கள். அதிலும் விழுந்தால் பயிற்சி முகாமை விட்டு வெளிக்கிட வேண்டியதுதான்.

"அப்பா, எனக்குக் காது இல்லை" என்று அழுதுகொண்டே குரல் செய்தி அனுப்பினாள். கூடவே இரண்டு ஒலிப்பதிவு. "இது ரெண்டும் எனக்கு ஒரே ஆள் கதைக்கிற மாதிரித்தான் கேக்குது."

அவளுடைய தமிழில் பறவை கூவாது, பாடாது. கதைக்கும். நான் தபால் பிரித்துக்கொண்டே இரண்டையும் கேட்டேன். பிறகு மறுமொழி அனுப்பினேன்.

"ஒரே ஆள் இல்லைப் பிள்ளை. முதல் ஆள் மூக்காலை கதைக்கிறார். மற்ற ஆள் தொண்டையாலை."

அடுத்த நிமிடமே அவள் அழைத்தாள். "அப்பா, அது எப்பிடி உங்களுக்குத் தெரியும்?"

இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

3

எப்படித் தெரியும் என்றால், இருபத்திரண்டு வருடம் வாசலில் இருக்கிறவனுக்கு அது தெரியாமல் வேறென்ன தெரியும். என் மேசை சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. படிக்கட்டு என் முதுகுப் பக்கம். திரும்பிப் பார்க்காமலே இறங்குகிறவருக்குப் பெயர் சொல்லிக் காலை வணக்கம் சொல்வேன். புதிதாகக் குடி வந்தவர்கள் முதலில் திடுக்கிடுவார்கள். பிறகு பழகிவிடும். நடை, இருமல், திறப்பைப் பூட்டில் போடுகிற விதம், லிஃப்ற்றின் பொத்தானை எத்தனை தடவை அமத்துகிறார்கள் என்பது, இவ்வளவும் ஒரு ஆளுக்கு அடையாளம்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வயதுக்காரர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வானத்தில் வருவது ஹெலியா, பொம்மரா, சும்மா சாமான் ஏற்றிப் போகும் அவ்ரோவா என்று. முகத்தை நிமிர்த்திப் பார்க்க நேரம் கிடையாது. கேட்டவுடன் பங்கருக்குள் ஓடுவதா, உலையை இறக்கிவிட்டு ஓட நேரம் இருக்கிறதா என்று முடிவெடுக்க வேண்டும். பிழையாகக் கேட்டவர்கள் சிலர் இன்று இல்லை. அந்தக் காதை நான் வேறொன்றுக்கும் பாவிக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அதில் ஒரு குயில் வந்து விழுகிறது. எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் என்றே சொல்கிறேன், வேறு சொல் தேடவில்லை.

ஒவ்வொரு காலையும் எட்டு மணிக்கு றோசா ஐந்து குரல் அனுப்புவாள். நான் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்பேன். ஒரு குரலை நினைவில் வைக்க ஒரு முகம் வேண்டும். றோசாவுக்கு இந்தக் கட்டடத்தின் முகங்கள் எல்லாம் தெரியும். இந்தப் படிகளில்தான் தவழ்ந்தாள். ஆகவே ஒவ்வொரு பறவையாகக் கட்டடத்தில் குடியேற்றத் தொடங்கினேன்.

செம்மார்புக் குயில் மூன்று சுரம் இறங்கி இறங்கிக் கூவும். அதை ஐந்தாம் மாடிக்கு அனுப்பினேன். அங்கே ஒரு தாய் மகனைச் சாப்பிடக் கூப்பிடுவது அதே மாதிரித்தான், ஜோ-வான்-னி என்று பல்கனியிலிருந்து மூன்று படி இறங்கி வரும். நீல மீன்கொத்தி ஒன்று, "டிக்" என்று தொடங்கி நீளமாக உதறிக்கொண்டு இறங்கும். அது எங்கள் லிஃப்ற். ஹடீடா என்று ஒரு பறவை, அரிவாள் மூக்கன் வகை. விடியற்காலையில் கட்டடம் அதிரச் சிரித்துக்கொண்டு பறக்கும். அதைக் கேட்ட நிமிடமே இரண்டாம் மாடி வக்கீல்தான் என்று தெரிந்துவிட்டது. பதினோராம் இலக்க வீட்டு அம்மா, சிஞ்ஞோரா கொன்செத்தாவுக்கு ஒரு சாம்பல் பறவை. கொண்டை வைத்திருக்கும், மூக்கால் "போ, போ" என்று விரட்டும். ஆங்கிலத்திலும் அதற்குக் கோ-அவே, போய்விடு பறவை என்றுதான் பெயர். சிஞ்ஞோரா வாசல் மணியடிக்கும் விற்பனைக்காரர்களை விரட்டுவதை ஒரு தடவை கேட்டவர்களுக்கு அந்தப் பறவையைத் தனியாகக் கேட்கத் தேவையில்லை.

நாற்பதைத் தாண்டியபோது குழம்பாமல் இருக்க ஒரு கொப்பியில் எழுதினேன். வீட்டு இலக்கம், பறவை, அடையாளம். அங்கேதான் பிழை விட்டேன். தமிழில் எழுதியிருந்தால் கட்டடத்தில் ஒருவருக்கும் விளங்கியிருக்காது. ஆனால் றோசாவுக்கும் விளங்கியிருக்காது. அவளுக்குத் தமிழ் கதைக்க வரும், எழுத்து வராது. படமெடுத்து அனுப்ப வசதியாக இத்தாலியனில் எழுதி, மேசையில் விரித்து வைத்துவிட்டுப் படி கழுவப் போனேன். ஒரு பார்சல் எடுக்க வந்த சிஞ்ஞோரா கொன்செத்தா வாசித்தார்: "இலக்கம் 11. சாம்பல் நிறம். கொண்டை. எல்லாரையும் மூக்கால் விரட்டும்."

அவருடைய தலைமயிர் சாம்பல் நிறம். கொண்டைதான் போடுவார்.

4

கூட்டத்துக்குப் போவதற்கு முன் ஒரு விடயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். இதை ஜெசிந்தாவைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை.

சித்திரை முடிவில் றோசா நாற்பதில் முப்பதுக்கு வந்துவிட்டாள். இன்னும் இரண்டு போதும். ஆனால் ஒவ்வொரு ஒத்திகையிலும் புறாக்களில் விழுந்தாள். புறா மட்டும் ஆறு வரும். கேப் புறாவையும் செங்கண் புறாவையும் அவள் மாற்றி மாற்றி எழுதினாள். குரல் கரகரப்பா, மெதுவா என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். குரலில் இல்லை விடயம். எண்ணிக்கையில் இருக்கிறது. கேப் புறா மூன்று அடி அடித்து, நிற்காமல் திரும்பத் திரும்ப அதையே அடிக்கும். செங்கண் புறா ஆறு அடி அடித்து ஒரு கணம் நிற்கும். மே முதல் கிழமையில் எனக்கு அது பிடிபட்டது. ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை.

அதே கிழமைதான் முதலாம் மாடிப் பல் வைத்தியர் என்னிடம் வந்தார். அவருடைய வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் கல்யாணம் முடித்து மிலானுக்குப் போகிறாள். "அன்தோனியோ, றொசாலியா திரும்பி வருகிறாளா? வந்தால் அந்தக் கதிரை அவளுக்குத்தான். ஜூன் முடியும்வரை வைத்திருக்கிறேன்." என் பெயர் அந்தோனிப்பிள்ளை. கட்டடத்துக்கு அன்தோனியோ.

அவருடைய இடம் எங்கள் வீட்டிலிருந்து ஒரே ஒரு மாடி மேலே. மத்தியானம் இறங்கி வந்து சோறு சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல நானும் ஜெசிந்தாவும் வெறுங்காலோடு பெல்லெக்ரினோ மலையேறினோம். இங்குள்ள எங்கள் ஆட்கள், வேதக்காரர், சைவக்காரர் எல்லாரும் ஏறுவார்கள். புனித றொசாலியாவின் குகைக் கோயிலில் ஜெசிந்தா பிள்ளை பாஸ் பண்ணவேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்தினாள். நான் பக்கத்தில் நின்று இன்னொன்று கொளுத்தி, தாயே, பிள்ளையை என்னட்டைத் திருப்பி அனுப்பு என்று நேர்ந்தேன்.

ஒரே புனிதைக்கு முன்னால், ஒரே குடும்பத்திலிருந்து, ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு மனு. கீழே இறங்கும்போது ஜெசிந்தா கேட்டாள்.

"நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

"நீ கேட்டதுதான்."

அன்றைக்குக் கால் நன்றாகச் சுட்டது.

5

கூட்டம் கீழ் முற்றத்தில் நடந்தது. கதிரைகளை நான்தான் அடுக்கினேன். லிஃப்ற்றைப் பற்றி ஒரு மணித்தியாலம் சண்டை, முடிவில்லை. ஒழுக்கு, முடிவில்லை. நாய்க்காரர் வரவேயில்லை. நாலாவது விடயம் வந்தபோது நிர்வாகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் மேசையிலிருந்து எடுத்து வந்த கொப்பியை உயர்த்திக் காட்டினார்.

"அன்தோனியோ, நீ எங்களைக் கண்காணித்து எழுதி வைக்கிறாயா?"

வேலை போகலாம் என்று எனக்குத் தெரிந்தது. வேலையோடு வீடும் போகும். வாயிலறை வீடு வேலைக்காரனுக்குத்தான். ஜெசிந்தா தூணோடு சாய்ந்து நின்றாள். எனக்குக் கோபமோ பயமோ வந்தால் இத்தாலியன் போய்விடும். ஆகவே கதைக்காமல் ஒலிபெருக்கியை மேசையில் வைத்து ஹடீடாவைப் போட்டேன்.

பறவை ஒரு தடவை சிரித்தது. இரண்டாவது தடவை சிரித்தது. வக்கீலின் மனைவி கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கத் தொடங்கினார்.

"இது இவர்தான். இருபது வருடமாகக் காலை ஆறு மணிக்கு எனக்கு இதுதான்."

வக்கீல் கொஞ்சம் யோசித்துவிட்டு அதே மாதிரிச் சிரித்தார். பிறகு எல்லாருக்கும் தங்கள் தங்கள் பறவை வேண்டியிருந்தது. நான் விளக்கத் தொடங்கினேன். மகளின் பரீட்சை, நாற்பது குரல், அவளுக்கு இந்தக் கட்டடம்தான் பாடப் புத்தகம். ஐந்தாம் மாடித் தாய் தன் குயிலைக் கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். மகன் இப்போது ஜெர்மனியில். இனி விடுமுறைக்கு வந்தால்தான் அந்தக் கூப்பிடுதல். லிஃப்ற்றின் பறவைக்குக் கைதட்டல் கிடைத்தது. பழுதுபார்க்கக் காசு தர மறுத்தவர்களும் தட்டினார்கள்.

கடைசியாக சிஞ்ஞோரா கொன்செத்தா எழுந்தார். "பதினோராம் இலக்கத்தைப் போடு."

போட்டேன். போ, போ என்றது. "இன்னொரு தடவை" என்றார். அதையும் போட்டேன். தலையைச் சரித்துக் கேட்டார்.

"நல்ல பறவை" என்றார். "சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்கிறது."

அதோடு கூட்டம் முடிந்த மாதிரித்தான். நிர்வாகி குறிப்பேட்டில் எழுதினார், நான் அதன் பிரதியை இன்னும் வைத்திருக்கிறேன்: ஜூன் மாதப் பரீட்சை முடியும்வரை, காலை எட்டு முதல் எட்டரை வரை, தென்னாபிரிக்கப் பறவைகளுக்கு அனுமதி. அன்றைக்கு ஏகமனதாக நிறைவேறியது அது ஒன்றுதான்.

கதிரைகளை மடிக்கும்போது சிஞ்ஞோரா பக்கத்தில் வந்தார். "பதினெட்டு வீடும் கொப்பியில் இருக்கிறது. நீ எந்தப் பறவை?"

"போர்த்தியேரேக்கு இலக்கம் இல்லை, சிஞ்ஞோரா. அதனால் பட்டியலில் இல்லை."

பல் வைத்தியரும் வந்தார். "ஆக, அவள் பாஸ் பண்ணி அங்கேயே இருக்கத்தான் நீ இவ்வளவு பாடுபடுகிறாய்?"

"ஆம் தொத்தோரே" என்றேன்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். எல்லாரும் போனபின் மெல்லக் கேட்டாள். "இஞ்சருங்கோ. தபால் பிரிக்கேக்கை மூண்டு, ஆறு எண்டு வாய்க்குள்ளை எண்ணிக்கொண்டிருக்கிறியள். அது புறாவோ?"

"ஓம்."

"பிள்ளைக்குச் சொன்னனீங்களோ?"

நான் கதிரையை மடித்தேன்.

"இவ்வளவு சனமும் அவளுக்காண்டி அரை மணித்தியாலம் தந்திருக்குது" என்றாள். அவள் ஏசியிருந்தால் நானும் ஏசித் தப்பியிருப்பேன்.

6

அடுத்த நாள் காலை நோட்டரி இறங்கி வந்தார். ஐந்தாம் இலக்கம், கைத்தடியோடு நடப்பவர். கால், கால், தடி. கால், கால், தடி. எங்கேயும் நிற்க மாட்டார். அவரிடம் போய், இன்னொரு தடவை மேலே போய் இறங்கி வர முடியுமா என்று கேட்டேன். என் வாழ்க்கையில் ஒரு நோட்டரியிடம் நான் கேட்ட மிகத் துணிச்சலான கேள்வி அதுதான். விசா புதுப்பிக்கும் பொலிஸ் கந்தோர் குவெஸ்தூராவில்கூட அப்படிக் கேட்டதில்லை.

"பறவைக்கா?"

"புறாவுக்கு."

லிஃப்ற்றில் ஏறிப்போய் நடந்து இறங்கினார். பதிவுசெய்தேன். பிறகு பதினாலாம் இலக்கத்து அக்கா தங்கை இருவரையும் பிடித்தேன். இரண்டு பேருக்கும் எண்பதைத் தாண்டிவிட்டது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆறு படி இறங்குவார்கள், நின்று மூச்சு வாங்குவார்கள், மறுபடி ஆறு படி. பதிவு செய்கிறேன் என்று தெரிந்ததும் நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருகிறோம் என்று திரும்பிப் போனார்கள். அதற்கு இருபது நிமிடம் காத்திருந்தேன்.

எட்டு மணிக்கு றோசாவை அழைத்தேன். "பிள்ளை, புறாவின்ரை குரலைக் கேக்காதை. அடியை எண்ணு. நோட்டரி மூண்டு, நிக்க மாட்டார். அக்கா தங்கச்சி ஆறு, நிண்டு மூச்சு வாங்குவினம்."

இரண்டு பதிவையும் போட்டுக் காட்டினேன்.

"உனக்கு இதை மூண்டு கிழமைக்கு முன்னமே சொல்லியிருக்கலாம்" என்றேன். "எனக்குத் தெரிஞ்சிருந்தது. நான்தான் சொல்லேல்லை."

"ஏன் அப்பா?"

"பெயிலானால் நீ வீட்டை வந்திடுவாய் எண்டு."

அவளுக்குப் பின்னால் அந்தக் காட்டின் சத்தம் கேட்டது. அதற்குள் ஏதோ ஒன்று கூவியது, நிற்காமல். நான் எண்ணவில்லை. அவள் எண்ணினாள் போலிருக்கிறது.

"மூண்டு" என்றாள். பிறகு உரத்து, "அப்பா, மூண்டு. நிக்காமல் போகுது. நோட்டரி எனக்குத் தலைக்கு மேலை இருக்கிறார்."

அழுதுகொண்டு சிரித்தாளா, சிரித்துக்கொண்டு அழுதாளா தெரியாது. குரலை வைத்து ஆளைச் சொல்கிறவனுக்கே அது பிடிபடவில்லை.

மலைக்கோயில் கணக்கு ஒன்று மிச்சம் இருந்தது. நேர்ந்ததைத் திரும்ப எடுப்பது எப்படி என்று எந்தச் சுவாமியாரிடம் கேட்பது. ஞாயிறு வரை பொறுக்கவில்லை. புதன்கிழமை பின்னேரம் தனியாக ஏறினேன். தாயே, போன முறை நான் கேட்டதைக் கேட்காத மாதிரி விடு, ஜெசிந்தா கேட்டதைச் செய் என்று ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். ஒன்று போதுமோ என்று சந்தேகம் வந்து இன்னொன்றும் கொளுத்தினேன். வீட்டுக்கு வந்தபோது ஜெசிந்தா என் காலைப் பார்த்தாள். சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வழியிலை ஒண்டும் குத்தேல்லைத்தானே" என்று மட்டும் கேட்டாள்.

7

பரீட்சை ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை. கோடையில் எங்களுக்கும் அவளுக்கும் ஒரே நேரம். பத்து மணிக்குத் தொடக்கம் என்றால் இங்கேயும் பத்து. அன்றைக்குக் கட்டடத்தில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. நோட்டரி தபால் பார்க்க மூன்று தடவை இறங்கினார். வியாழக்கிழமை அவருக்குத் தபால் வருவதில்லை. சிஞ்ஞோரா கொன்செத்தா ஒரு கதிரையைக் கொண்டுவந்து என் அறை வாசலில் போட்டுக்கொண்டு, வந்த விற்பனைக்காரர் இருவரை எனக்காக விரட்டினார்.

பன்னிரண்டே காலுக்கு றோசா அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"முப்பத்திரெண்டு அப்பா. சரியா முப்பத்திரெண்டு."

சிஞ்ஞோராவுக்கு எண்ணை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். கதவுகள் திறக்கிற சத்தம் மாடி மாடியாகக் கேட்டது.

"புறா ஆறும் சரி" என்றாள் றோசா. "ஆனால் அப்பா, கடைசிக் குரலிலை நான் துலைஞ்சன் எண்டு நினைச்சன். அது லேசானது. இஞ்சை தண்ணிக் கரை முழுக்க நிக்கிறது. உங்கடை ஊர் ஆட்காட்டியின்ரை சொந்தக்காரன், கறுப்பும் வெள்ளையும். ஒவ்வொரு நாளும் காணுறனான். ஆனால் ஒலிப்பெட்டியிலை அது வந்த உடனை மண்டை வெறுமையாப் போச்சுது. பேர் வரேல்லை. படம் வரேல்லை. ஒண்டும் வரேல்லை."

"பிறகு?"

"டிங், டிங், டிங் எண்டு இரும்பிலை தட்டுற சத்தம். நான் எழும்பி நிண்டுட்டன் அப்பா. சோதினை அறையிலை, எல்லாருக்கும் நடுவிலை. பையைத் தேடினன். மேற்பார்வையாளர் என்ன நடந்தது எண்டு கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு எண்டு சொல்ல வாய் வந்திட்டுது."

பதின்மூன்று வருடம் அந்தப் பிள்ளை எழும்பியது மணிக்கூட்டுக்கு அல்ல. என் திறப்புக்கோர்வைக்கு.

"அப்பத்தான் பேர் வந்தது" என்றாள். "அந்தப் பறவைக்குக் கொல்லன் எண்டுதான் இஞ்சை பேர், இரும்பு அடிக்கிற சத்தம் எண்டபடியால். எழுதிப்போட்டு இருந்தன். முப்பத்திரெண்டாவது அதுதான் அப்பா. அது இல்லாட்டி முப்பத்தொண்டு."

ஒரு மார்க்கில் அவள் அங்கே தங்கிவிட்டாள். அந்த ஒரு மார்க்கை நான்தான் போட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக, பூனை கலைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. பல் வைத்தியர் இறங்கி வந்து என் தோளைத் தட்டிவிட்டு, வேறு ஆள் தேடுகிறேன் என்றார். எனக்கு வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். வலிக்கத்தான் செய்தது, ஆனால் அதற்குமேல் சந்தோஷம் நின்றது. பின்னேரம் ஜெசிந்தா கால்சாவிலிருந்து வந்து, செய்தி கேட்டு, முற்றத்தில் நின்றவர்கள் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினாள். வக்கீல் சிரித்தார். ஒருவரும் காதைப் பொத்தவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு முற்றத்துக்குப் போனேன். அங்கே றோசாவும் இந்நேரம் எழும்பியிருப்பாள். வழக்கம்போலத் திறப்புக்கோர்வையை எடுத்து இரும்புக் கேற்றில் மூன்று தடவை தட்டினேன். பூனைகள் விலகின. மேலே நாலாம் மாடிப் பல்கனிக் கதவு திறந்தது. சிஞ்ஞோரா கொன்செத்தா கொண்டை போடாத தலையோடு எட்டிப் பார்த்தார்.

"அன்தோனியோ, அது எந்தப் பறவை?"

"அது நான்தான், சிஞ்ஞோரா" என்றேன்.